அக்காவின் கம்ப்யூட்டர் ஓடிய நாள்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் முழுதாக வரவில்லை. ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக, அப்பா மடியிலும் அக்கா மடியிலும் உட்கார்ந்து வந்தது. எனக்கு உட்கார இடமில்லை, மானிட்டருக்கு இருந்தது. அந்த இயந்திரத்தோடு எனக்குப் பகை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. இன்று அதைத் தட்டித்தான் சோறு தின்கிறேன் என்பது வேறு விஷயம்.

கடைக்கார அண்ணாச்சி, தானே எல்லாவற்றையும் மாட்டித் தருவதாகத்தான் சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அப்பா கணக்கு வாத்தியார். எதையும் நிரூபித்துக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வார். பிளஸ் டூ முடித்திருந்த அக்கா, கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தே தீருவேன் என்று சாப்பிடாமல் கிடந்தாள்.

"நீயே மாட்டு. ஒழுங்கா ஓடட்டும், பொறவு கோயம்புத்தூரப் பத்திப் பேசுவோம்" என்றார் அப்பா.

அக்கா எழுந்து வந்து சாப்பிட்டாள்.

மறுநாள் பாயை விரித்து, பெட்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மாட்டினாள். ஸ்குருக்களைத் தொலைக்கும் பொறுப்பு என்னுடையது. அதை நான் குறைவில்லாமல் செய்தேன். பொத்தானை அமுக்கியதும் பெட்டிக்குள் காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது. ஆனால் சி.டி.யிலிருந்து மென்பொருளை ஏற்றும்போது பாதியில் நின்றது. மறுபடி ஏற்றினால் வேறோர் இடத்தில் நின்றது. ஒருமுறை கடைசிவரை ஏறிவிட்டது. அம்மா பாயசத்துக்குச் சேமியாவை வறுக்கத் தொடங்கிய நேரம், திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ சாபம் விட்டது.

அப்பா கரண்ட்டைக் குற்றம் சொன்னார். அம்மா கண்ணேறு என்று மிளகாயும் உப்பும் எடுத்துப் பெட்டியைச் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடே இருமியது. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்து, வைரஸ் என்றான். எனக்கு அப்போது கடும் ஜலதோஷம். என்னிடமிருந்துதான் தொற்றியிருக்கும் என்று பயந்து, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நடமாடினேன்.

அக்கா மட்டும் யாரையும் குற்றம் சொல்லாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் எங்கே நிற்கிறது என்று பார்த்தபடி இருந்தாள்.

"ஏலே, சி.டி.யில கீறல்னா ஒரே எடத்துலதான நிக்கணும்? இது எடம் மாத்தி மாத்தி நிக்குது" என்றாள். "மெமரியிலதான் கோளாறு."

மெமரி என்பது சீப்பு நீளத்தில் இரண்டு பச்சைப் பட்டைகள். என்னுடைய வாசனை ரப்பரை வாங்கி, அவற்றின் தங்க நிறப் பற்களைத் தேய்த்துப் பார்த்தாள். பயனில்லை. ரப்பரும் பாழ். பிறகு ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை மட்டும் போட்டாள். ஓடியது. அதை எடுத்துவிட்டு, கழற்றி வைத்ததைப் போட்டாள். நீலம். செருகும் இடத்தை மாற்றிப் போட்டாள். அங்கேயும் நீலம். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தப் பட்டையில் ஒட்டிவிட்டு, எழுந்து முகம் கழுவப் போனாள்.

கடைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அண்ணாச்சி பொட்டு வைத்த பட்டையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பட்டையில ஒண்ணும் இருக்காதும்மா. மாட்டத் தெரியாம மாட்டிருப்ப." அப்பாவிடம், "சார்வாள், பொம்பளப்பிள்ள கையில இதெல்லாம் குடுக்கலாமா?" என்றார்.

அப்பா அக்காவைப் பார்த்தார்.

"உங்க பெட்டியிலயே போட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றாள் அக்கா.

போட்டார். கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய திரையும் நீலமானது. அண்ணாச்சி புதுப் பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"எந்தக் காலேஜும்மா?"

"இன்னும் சேரல."

"சார்வாள், நல்ல எடமாப் பாத்துச் சேத்துவிடுங்க. விட்டுராதிய."

அப்பா, "நம்ம பிள்ளல்லா" என்றார். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவரிடமும் அந்தக் கதையைச் சொன்னார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்று பெட்டி நிற்காமல் ஓடியது. பரீட்சை ஹாலில் காவல் இருப்பதுபோல அப்பா கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். பாயசம் ஆறி ஏடு கட்டிய பிறகு எழுந்தார்.

"எட்டி, படிக்காமலே இவ்வளவு தெரியுதே உனக்கு. இனி கோயம்புத்தூருக்குப் போயி புதுசா என்னத்தப் படிக்கப் போற?"

எனக்கு அது பிரமாதமான நிரூபணமாகத் தோன்றியது. கை தட்டினேன். பெட்டி ஓடாமல் இருந்திருந்தால், இதைக்கூட ஓட்டத் தெரியாதவளுக்கு எதற்கு இன்ஜினியரிங் என்று அதே அப்பா அதே நாற்காலியிலிருந்து நிரூபித்திருப்பார். எப்படிப் போட்டாலும் ஒரே விடை வரும் கணக்கு அது. அக்கா பெட்டியின் மூடியை மாட்டி, நான் தொலைக்காமல் விட்டிருந்த ஸ்குருக்களை ஒவ்வொன்றாக முறுக்கினாள். வீட்டிலிருந்து நடந்தே போகிற காலேஜில் அவளுக்கு ஹிஸ்டரி கிடைத்தது.

பின்னாளில் அதே கோயம்புத்தூருக்கு, அதே படிப்புக்கு என்னை அனுப்பினார்கள். எந்தப் பெட்டியையும் ஓட்டிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்று பஸ் ஸ்டாண்டில் கடலை மிட்டாய் விற்றுக்கொண்டிருப்பேன்.

அக்கா காலேஜில் சேர்ந்த வருஷமே, அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் பெட்டி திரும்பவும் படுத்துவிட்டது. அப்பா அடித்து வைத்திருந்த கேள்வித்தாள்களெல்லாம் உள்ளே இருந்தன. பொத்தானை அமுக்கினால் கீச்கீச்சென்று கத்தியது, திரையில் ஒன்றும் வரவில்லை. அப்பா ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனார்.

"எட்டி, என்னன்னு கொஞ்சம் பாரு."

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என்னப்பா தெரியும்? நான் ஹிஸ்டரிதான படிக்கேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. துருவுவதையும் நிறுத்தவில்லை. "ஆமாப்பா, ஹிஸ்டரி படிக்கவகிட்டப் போயி கம்ப்யூட்டரக் கேக்கியளே" என்று அவளுக்காக நானும் வாதாடினேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா ஸ்குரு டிரைவரை நீட்டிய கையை மடக்காமல் அங்கேயே நின்றார். அவர் ஏன் அப்படி நின்றார் என்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அவ்வளவையும் அக்கா இத்தனை சீக்கிரம் எப்படி மறந்தாள் என்பது மட்டும்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.