மாடி அக்காவின் கட்டைவிரல்

எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள அறையில் தனியாகக் குடியிருப்பவர் மாடி அக்கா. ஒரு கடைக்காகப் பன்னிரண்டு வருடமாகச் சீருடைத் துணி வெட்டிக் கொடுக்கிறார். காலையில் கட்டைவிரலைக் கத்தரிக்கோல் வளையத்தில் நுழைத்தால், சாப்பாட்டு நேரத்தில்தான் வெளியே எடுப்பார். யாரிடமும் ஓர் உதவி கேட்டதில்லை. எனக்கும் வலியப் போய்ப் பேச வராது. படியில் எதிர்ப்பட்டால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

ஒருநாள் அவரே இறங்கி வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடி எண்ணெய் பாட்டிலை நீட்டினார்.

"தப்பா நினைக்காதம்மா. இந்த மூடி சுத்தவே மாட்டேங்குது."

வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் வீங்கியிருந்தது. மறுநாள் டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொல்லி, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார் டாக்டர். அக்கா கத்திவிட்டார். ஒரே வேலை செய்து செய்து தசைநாண் உரசி வீங்கியிருக்கிறதாம். மணிக்கட்டு அசையாமலிருக்கப் பட்டை ஒன்றை மாட்டிவிட்டு, ஒரு மாதம் கத்தரிக்கோல் கூடாது, துணி பிழியக் கூடாது, மூடி திருகக் கூடாது என்றார்.

துணிக்கட்டோடு வந்த கடைக்காரர் விடவில்லை.

"ஒரு விரல்தானேக்கா? மீதி நாலும் சும்மாதானே உக்காந்திருக்கு?"

"அப்ப அந்த நாலையும் கூட்டிட்டுப் போய் வெட்டச் சொல்லுங்க."

கட்டு திரும்பிப் போனது.

அதிலிருந்து தினமும் மாலையில் மேலே போவேன். ஈரத்துணியைப் பிழிந்து, மூடியைத் திறந்து கொடுப்பேன். ஐந்து நிமிட வேலை. அந்த அறையில் ஒரே ஒரு டம்ளர்தான் இருந்தது. இரண்டாவது வாரம் புதிதாக இன்னொன்று வந்தது. டீ குடிப்போம், அதிகம் பேச மாட்டோம்.

"கை சரியாயிட்டா நீ எதுக்கு இங்க ஏறி வரப்போற?" என்று ஒருநாள் கேட்டார். வருவேன் என்று சொல்ல நினைத்தேன். டீயை ஊதி ஊதிக் குடித்தேன்.

நான்காவது வாரம் ஒருநாள் கொஞ்சம் சீக்கிரமாகப் போய்விட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அக்கா வாளி பக்கத்தில் குனிந்து, பட்டை இல்லாமல், இரண்டு கையாலும் போர்வையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். முகத்தில் வலியே இல்லை.

சத்தமில்லாமல் பத்துப் படி இறங்கினேன். பிறகு செருப்பைத் தேய்த்துக்கொண்டே மறுபடி ஏறினேன்.

உள்ளே நுழைந்தபோது கையில் பட்டை இருந்தது, தலைகீழாக. அக்கா பாட்டிலை நீட்டினார்.

"இன்னும் வலி விடலம்மா."

மூடி தளர்வாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன்.

"என்ன இறுக்கம்க்கா இது! நீங்க தொட்டுடாதீங்க, நாளைக்கும் நானே வந்து திறக்கறேன்."

அக்கா திரும்பி நின்று, இரண்டாவது டம்ளரை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.