விசில் பத்தாத போர் விமானம்

கம்பம் ஊரில் கடை போட்டு, பம்புசெட்டும் சொட்டுநீர்க் குழாயும் விற்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோம்பையில் இருக்கிற எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து போர் விமானம் ஓட்டுவேன். கம்ப்யூட்டரில், சிமுலேட்டர் என்கிற விளையாட்டில்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். காசு கொடுத்து வாங்கிய விமானத்தை வந்தபடியே ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. உள்ளே புகுந்து, ஃபைல் ஃபைலாகப் பிரித்து மாற்றினால்தான் திருப்தி. இறங்கும்போது சக்கரம் துள்ளுகிற துள்ளலை என்னளவுக்குச் சரிசெய்தவன் எவனும் இல்லை. தற்பெருமை என்றாலும் பரவாயில்லை, உண்மை அதுதான். நான் மாற்றி இணையத்தில் போட்டால் எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் இறக்கி ஓட்டுகிறார்கள்.

போன வருஷம் ஒரு பழைய போர் விமானத்தின் ஆட்-ஆன் வாங்கினேன். சிமுலேட்டரோடு தனியாகச் சேர்த்துக்கொள்கிற விமானத்துக்கு அதுதான் பேர். என் அண்ணன் விமானப்படையில் இருபது வருஷம் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தது இதே ரகத்தில். ஒருநாளும் அதில் ஏறிப் பறந்ததில்லை. ஆனால் எஞ்சின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவாராம். ஆட்-ஆனோடு வந்த சத்தமோ, மிக்ஸியில் சட்னி அரைக்கிற மாதிரி இருந்தது. அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து அதை அசலாக்கிவிடுவது என்று இறங்கினேன்.

அண்ணனும் அவர் மனைவியான என் மதினியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அப்போது வீட்டில் நிலைமை சரியில்லை. ஓய்வு பெற்று வந்த ஆறு வருஷமாக அண்ணன் தன்னை மதிப்பதே இல்லை என்று மதினிக்கு வருத்தம். எங்கள் கண்ணெதிரே நடந்ததுதான். அடுப்படியிலிருந்து மதினி கூப்பிடுவார், அண்ணன் பேப்பரை விட்டுத் தலை தூக்க மாட்டார். நான் கூப்பிட்டால் முதல் குரலுக்கே திரும்புவார்.

"தம்பிக்கு மட்டும் திரும்புறாக. நான் கூப்பிட்டா கல்லு மாதிரி உக்காந்திருக்காக. நான் என்ன இந்த வீட்டு வேலைக்காரியா?" என்று மதினி என்னிடம் வந்து கொட்டுவார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டே விட்டேன். "மதினி கூப்பிடுறாகள்ல, என்னன்னு ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவீக?"

"எப்படா கூப்பிட்டா?" என்றார் அண்ணன், கண்ணை அகல விரித்து. என்ன நடிப்பு நடிக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் மதினி கூப்பிடுவதையே விட்டுவிட்டார். அல்லிநகரத்தில் மகள் வீட்டோடு போய் இருந்துகொள்வது என்று முடிவு கட்டி, திங்கட்கிழமை கிளம்புவதாக நாளும் குறித்துவிட்டார். நான் கெஞ்சிப் பார்த்தேன், மகள் போனில் அழுதாள். மதினி அசையவில்லை.

சத்தத்து வேலை அதற்கு நாலு வாரம் முன்னாலேயே தொடங்கியிருந்தது. எஞ்சின் சத்தம் என்பது ஒரே ஃபைல் இல்லை. அடியில் ஒரு உறுமல், அதற்கு மேல் ஒரு விசில் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டையும் வேண்டிய அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"உறுமல் அச்சு அசல்டா. விசிலத்தான் காணோம்."

கூட்டினேன்.

"ம்ஹூம். பத்தாது. காதுல மாட்டுற மூடியக் கழட்டிட்டுப் பக்கத்துல நின்னு கேட்டவன்டா நானு. அப்பத்தான் எஞ்சினு என்ன சொல்லுதுன்னு தெரியும். ஊசியாக் குத்தும்டா. இதுல எங்கன இருக்கு?"

இன்னும் கூட்டினேன். எனக்குப் பல் கூசியது. ஆனால் அசலுக்குப் பக்கத்தில் நின்றவர் சொல்லும்போது, பம்புசெட் விற்கிறவன் மறுத்துப் பேசலாமா? மூன்று ஞாயிறும் இதே கூத்துதான். பிறகு, 'இந்த எஞ்சினோடு இருபது வருஷம் வாழ்ந்தவர் சரிபார்த்தது' என்று மார்தட்டி எழுதி இணையத்தில் போட்டேன்.

மறுநாளே திட்டு வரத் தொடங்கிவிட்டது. ஒருவருக்குக் காது வலியாம். இன்னொருவர் வீட்டுப் பூனை அலமாரி மேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறதாம். நான் விடுவேனா? அசல் சத்தத்தைக் கேட்டிராதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று பதில் போட்டேன்.

மதினி கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை, இதையெல்லாம் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவனுகளுக்கு என்னடா தெரியும்? உறுமல எடுத்துட்டு விசில மட்டும் வையி, பாப்போம்" என்றார்.

முழுச் சத்தத்தில் வைத்தேன். அப்பா சாமி! மண்டைக்குள் துளை போட்டது. அடுப்படியிலிருந்து மதினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "ஐயையோ, நிறுத்துங்க தம்பி, உசுரு போகுது!"

அண்ணன் ஸ்பீக்கரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "ஏலே, என்ன முழிச்சுக்கிட்டிருக்க? வையிடா."

"வச்சுட்டேண்ணே."

"எங்கன?"

அப்போதுதான் அவர் திரும்பி மதினியைப் பார்த்தார். பொத்திய காதையும் சுளித்த முகத்தையும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சத்தத்தை நிறுத்தினேன். மூன்று ஞாயிறாக நான் கூட்டிக்கொண்டே போனது, அவர் காதில் விழவே விழாத ஒன்றை. என் குரல் தடித்த குரல், மோட்டார் ஓடும்போதே பேசிப் பழகிய குரல். மதினியின் குரல் மெல்லிசு, கீச்சென்று இருக்கும்.

மதினி காதிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நான் கூப்பிட்டதும் இப்படித்தான் போச்சா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "என்னடா சொல்றா?"

நான் என் கடைக் குரலில் திருப்பிச் சொன்னேன். அண்ணன் எழுந்து மதினியிடம் போனார். குனிந்து, காதை மதினியின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"ஒரு தடவ கூப்பிடு, புள்ள."

மதினி மெல்ல, "ஏங்க" என்றார்.

"கேக்கல. இன்னும் கொஞ்சம்."

"ஏங்க!" தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார் மதினி.

"என்ன புள்ள?" என்றார் அண்ணன்.

மதினி அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் இரண்டு பேருமாகத் தேனி பஸ்ஸில் ஏறிப் போனார்கள், காது டாக்டரைப் பார்க்க.