இடப்பக்கத்து வெள்ளை விளக்கு

என் அக்காவின் கணவர் கார்களின் பின்பக்கத்தைப் பார்த்தே தலை நரைத்தவர். கார் கம்பெனியில் பின்விளக்குகளை வரைவது அவர் வேலை. முன்விளக்கு வரைகிறவர்களுக்குத் தனி அறை உண்டு, பத்திரிகையில் படம் உண்டு. இவருக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. அலுவலகத்தில் 'பின்னாடி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அக்காவும் அப்படியே கூப்பிடுவாள். மாமா பதிலுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அவரோடு வெளியே போவதைப் போலத் தண்டனை வேறில்லை. சிக்னலில் நின்றால் போதும், முன்னால் நிற்கிற வண்டியைப் பார்த்து இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி பெருமூச்சு விடுவார்.

"அதோ பாரு மாப்ள. ரெண்டு பக்கமும் வெள்ளைக் கண்ணாடி இருக்குல்ல? ரிவர்ஸ் எடுத்தா வலது பக்கம் மட்டுந்தான் எரியும். இடது பக்கம் உள்ளுக்குள்ள பல்பே கிடையாது."

"என்ன மாமா, பட்டப்பகல்ல ஏமாத்து வேலை?"

"ஏமாத்துன்னு சொல்ல முடியாது. சட்டப்படி ஒண்ணு போதும். ஒரு வண்டிக்கு ஒரு டீ காசு மிச்சம். லட்சம் வண்டின்னா டீக்கடையே மிச்சம்."

ஓட்டுகிறவர் உட்காருவது வலப்பக்கம். ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் கண்ணுக்கு எட்டாதது இடது பின்மூலை. "தெரியாத மூலைக்குத்தானடா வெளிச்சம் வேணும்?" என்பார் மாமா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வரைந்த ஒவ்வொரு காரிலும் இடப்பக்கத்து பல்பை வரைந்துதான் கொடுத்தார். ஒன்றில்கூட அது ரோட்டுக்கு வந்து சேரவில்லை. ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு காராவது இரண்டு பக்கமும் எரிய வேண்டும் என்பதுதான் அந்த மனிதருக்கு இருந்த ஒரே ஆசை. வேறு பெரிய ஆசையெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை.

கடைசி கார் வந்தது. இத்தனை வருஷம் அடி வாங்கியதில் மாமா ஒரு தந்திரம் கற்றிருந்தார். செலவைக் குறைக்கக் கூடுகிற கூட்டம் எதையாவது வெட்டாமல் எழுந்து போகாது. ஆகவே வெட்டுவதற்கென்றே ஒன்றை வரைந்து வைத்துவிடுவது. இந்த முறை டிக்கியின் குறுக்கே, இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரை, நீளமாகச் சிவப்பாக எரிகிற ஒரு கோட்டைப் போட்டார். செலவு தாறுமாறு, உபயோகம் சுத்தமாக இல்லை. "வரையும்போது எனக்கே வெக்கமா இருந்துச்சு மாப்ள" என்றார். கோட்டை வெட்டிய திருப்தியில் பல்பை விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

கூட்டத்தில் செலவு பார்க்கிற மேலாளர் புதியவர். சின்ன வயசுப் பெண், பட்டப்பெயர் கத்தரிக்கோல். படத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாராம்.

"சார், இந்தக் கோடு பிரமாதம்! விளம்பரத்துல இதைத்தான் காட்டப் போறோம்."

"வேண்டாம்மா. தேவையில்லாத செலவு. எடுத்துடலாம்."

"உங்களுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி சார்."

எல்லோரும் கை தட்டினார்கள். கோட்டுக்கு ஆகிற செலவை வேறெங்காவது ஈடுகட்ட வேண்டுமே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். இடப்பக்கத்து பல்பு அகப்பட்டது. பலிகடாவுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வளர்த்த பிள்ளையை வெட்டிவிட்டார்கள்.

மாமா அதோடு விடவில்லை. பல்பு மாட்டுகிற ஓட்டையையாவது விட்டு வையுங்கள், வேண்டுகிறவர்கள் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார். ஓட்டை போடுவதற்கும் செலவு உண்டு என்று அதையும் அடைத்தார்கள்.

வண்டி சக்கைப்போடு போட்டது. எல்லோரும் கோட்டைப் பற்றித்தான் பேசினார்கள். கம்பெனி அவரை மேடையில் ஏற்றி ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தது. முதல் முறையாகப் பத்திரிகையில் படம் வந்தது. அதில் மாமா பல் வலிக்காரர் மாதிரி சிரிக்கிறார். சலுகை விலையில் ஒரு வண்டியும் கிடைத்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடிக் கட்டடம். தரைக்குக் கீழே கார் நிறுத்துகிற இடம், பாதி விளக்கு எரியாது. அக்கா காரைத் தூணோரமாகப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோடு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. இடது பின்மூலையில், தூணுக்குப் பக்கத்தில், கையில் டார்ச்சோடு மாமா நின்றுகொண்டிருந்தார்.

"வா... வா... இன்னும் கொஞ்சம்... போதும், நிறுத்து!"

வண்டி வந்த புதிதில் அந்த மூலையைத்தான் அக்கா தூணில் இடித்தாளாம். அன்றிலிருந்து தினமும் இந்த ஊழியம். நான் அவர் கையிலிருந்த டார்ச்சைக் காட்டினேன்.

"அந்தக் கத்தரிக்கோல் வீட்டுக்குப் போயி இந்த டார்ச்சை நீட்டி, 'இந்தாம்மா, நீ மிச்சம் பிடிச்சது'ன்னு கேட்டுட்டு வரவா மாமா?"

"விடு மாப்ள. அவளும் நல்ல பொண்ணுதான். அவ தலைக்கு மேல இன்னொரு கத்தரிக்கோல் இருக்கு."

சொல்லிக்கொண்டே டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். அதே மாடல், அதே கோடு. கண்ணாடியை இறக்கி, "சார், உங்க கோட்டைப் பாத்துத்தான் இதை வாங்கினேன்! என்னா அழகு!" என்றார்.

மாமா தலையாட்டினார். எதிர்வீட்டுக்காரர் ரிவர்ஸ் போட்டதும் வலப்பக்கம் வெள்ளையாக எரிந்தது. இடப்பக்கம் இருட்டு. மாமா டார்ச்சை மறுபடி எடுத்துக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து அந்த மூலைக்கு நடந்தார்.

"வாங்க... வாங்க... நான் பாத்துக்கறேன்."

நான் அவருக்காகக் காத்து நின்றேன். அக்கா என் கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் இழுத்தாள்.

"நீ மேல வாடா. அவரு இப்ப வர மாட்டாரு. இங்க இதே வண்டி இன்னும் மூணு வரணும்."