வெல்டா தொடவிடாத இஸ்திரிப்பெட்டி

வெல்டா ஊன்ரூ இஸ்திரிப்பெட்டி வாங்க வருகிறாள் என்றால் கடைக்காரருக்கு அன்றைய வியாபாரம் அத்தோடு சரி. கையில் ஒரு புட்டி டிஸ்டில்டு வாட்டரும் ஒரு பழைய வெள்ளைத்துணியும் கொண்டுவருவாள். அட்டையைப் பிரிக்கச் சொல்வாள், தண்ணீர் ஊற்றுவாள், சூடேற்றுவாள். பிறகு பெட்டியைத் துணிக்கு மேலே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு. "இது அழுமூஞ்சி, உள்ளே வைங்க."

ஆவி பலமாக வரவேண்டும், முனை கூராக இருக்கவேண்டும், கனம் துணியை அமுக்கவேண்டும், ஆனால் மணிக்கட்டை ஒடிக்கக்கூடாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானே அணைந்துகொள்ளும் பெட்டியைக் காட்டினால் கோபம் வந்துவிடும். "நான் அடுத்த தையலைப் போட்டுட்டு வர்றதுக்குள்ள இது தூங்கிடும். தூங்குறதுக்கு வீட்ல ஒருத்தர் இருக்காரு, போதும்." அந்த ஒருத்தர், கணவர் ஆர்லின், வெளியே வண்டியில் தூங்கிக்கொண்டிருப்பார்.

பள்ளிப் பேருந்து ஓட்டுவது வெல்டாவின் வேலை. கான்சாஸ் மண் ரோட்டில் பனியிலும் புழுதியிலும் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் மென்னோனைட் கிறிஸ்தவச் சபைக் கட்டடத்தின் நிலவறைக்கு வந்துவிடுவாள். அங்கே பெண்கள் கூடித் துண்டுத்துணிகளை இணைத்து க்வில்ட் போர்வை தைப்பார்கள். இஸ்திரிப்பெட்டி வெல்டாவின் பொறுப்பு. அவளைத் தவிர வேறு யாரும் அதில் தண்ணீர் ஊற்றக்கூடாது. அந்த ஊர்க் குழாயில் வரும் உப்புத்தண்ணீர் கெட்டிலையே வெள்ளையடித்துவிடும், பெட்டியை விடுமா? வேலை முடிந்ததும் சூட்டோடு சூடாக மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுவாள். பெட்டியைத் துணிமேல் வைத்து எடுக்கவேண்டும், தேய்த்து இழுக்கக்கூடாது. நல்ல துணியைத் தொடும் முன் பழந்துணியில் ஒருமுறை ஆவி விட்டுப் பார்க்கவேண்டும்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் மறந்தாலும் மறப்பா, கந்தல் பூசையை மறக்கமாட்டா" என்பாள் லவோன். அவள் ஆர்லினின் அக்கா, தையல் குழுவின் தலைவி, வாய் சும்மா இருக்காது.

வெல்டா சொல்வதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டிவிட்டு எதையும் கேட்காதவள் ஆர்டிஸ் ராட்ஸ்லாஃப். கால்சட்டை தேய்ப்பதுபோல் துணியைத் தரதரவென்று இழுப்பாள். வீட்டுப் பெட்டியில் தண்ணீரை அப்படியே விட்டுவிடுவாள். இதற்காக வெல்டாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாத வாரமே கிடையாது. போன இலையுதிர்காலத்தில் ஆர்டிஸ் இறந்துபோனாள்.

மார்ச்சில் அவள் கணவர் மில்ஃபர்ட் ஒரு சட்டைப்பெட்டியோடு நிலவறைக்கு வந்தார். உள்ளே ஆர்டிஸ் தைத்து வைத்த நட்சத்திரச் சதுரங்கள். மகள் ஜோலீனின் கல்யாணப் போர்வைக்கு என்று தொடங்கியது. கல்யாணம் ஜூனில். லவோன் ஒன்றை மேசைமேல் விரித்தாள். கிராஸாக, நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய துணி, இழுத்து இழுத்துத் தேய்த்ததில் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

"இது ஒண்ணோட ஒண்ணு சேராது மில்ஃபர்ட். ஓரத்தை வெட்டித்தான் ஆகணும்."

"வெட்டினா?"

"நட்சத்திரத்தோட முனையெல்லாம் போயிடும்."

மில்ஃபர்ட் தொப்பியைக் கையில் உருட்டினார். "அம்மா தச்சது தச்சபடியே வேணும்னு ஜோலீன் கேக்கறா."

"கத்திரியைக் கீழ வை லவோன்" என்றாள் வெல்டா. "ஆவி காட்டினா சுருங்கிக் கொடுக்கும். ஆனா நம்ம பெட்டி கொஞ்சம் அடைச்சிருக்கு, வினிகர் விட்டு அலசணும். அடுத்த வாரம் வா மில்ஃபர்ட். படியலேன்னா அப்புறம் வெட்டிக்கலாம்."

அடுத்த செவ்வாய். மில்ஃபர்ட் வந்து மூலையில் உட்கார்ந்தார். வெல்டா பலகையில் அளவுச் சதுரம் வரைந்து, முதல் நட்சத்திரத்தை அதற்குள் அடக்கிக் குண்டூசி குத்தினாள். போன வாரமே வினிகர் விட்டு அலசி வைத்திருந்த பெட்டியில் தண்ணீர் ஊற்றிச் சூடேற்றினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வழக்கம்போலப் பழந்துணியை எடுத்து விரித்தாள். லவோன் கண்ணை உருட்டினாள்.

பெட்டி புஸ்ஸென்று துப்பியது. துணியெல்லாம் கருஞ்சிவப்பு. வெல்லம் தீய்ந்த வாசனை அறை முழுக்க.

"யாரு இதைத் தொட்டது?"

லவோனின் முகம் வெளிறியது. "நேத்து நான்தான்... நீ வினிகர் விடணும்னியே. நீ அலசி முடிச்சது தெரியாம, உனக்கு எதுக்குச் சிரமம்னு நானே விட்டு அலசினேன்."

"எந்த வினிகர்?"

"பீட்ரூட் ஊறுகாய் சாறு மீந்திருந்தது. அதுவும் வினிகர்தானே."

அந்த ஊரில் ஊறுகாய் தீர்ந்ததும் சாற்றைக் கொட்டுகிற பெண் இன்னும் பிறக்கவில்லை. "அதுல பாதி சர்க்கரைடீ!" என்றாள் வெல்டா. அவளுக்கு வந்த கோபத்துக்குப் பெட்டியே தேவையில்லை, ஆவி தானாக வந்திருக்கும். ஆனால் லவோன் அழ ஆரம்பித்துவிட்டாள். வெல்டா நட்சத்திரத்தைப் பார்த்தாள். அதில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. "சரி விடு, கந்தல் பூசைக்குப் பலன் கிடைச்சுது" என்று சொல்லி, லவோனின் தோளைத் தட்டினாள்.

பெட்டி மட்டும் பாழ். நிலவறையில் மிச்சமிருந்த இரண்டும் அழுமூஞ்சிகள்.

"வீட்ல ஆர்டிஸோடது இருக்கு" என்றார் மில்ஃபர்ட்.

போய் எடுத்துவந்தார். தளும்பத் தளும்ப சூப்புக் கிண்ணம் ஏந்துகிறவர்போல இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்திருந்தார். வெல்டாவின் காதுக்கு அது எட்டிவிட்டது, உள்ளே தண்ணீர் சலசலத்தது.

"தண்ணி இருக்கா?"

"அவ கடைசியா ஊத்தினது" என்றார். "எனக்குக் கொட்ட மனசு வரலே."

வெல்டா அதை நேரே தொட்டியில் கொட்டிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பெட்டியை வாங்கிச் சூடேற்றினாள். வேறொரு பழந்துணியை விரித்து ஆவி விட்டாள். துருவோ உப்புப்பொருக்கோ விழவில்லை, துணி வெள்ளையாகவே இருந்தது. திருப்பிப் பார்த்தாள், அந்தப் பக்கமும் வெள்ளை.

"டிஸ்டில்டு வாட்டர்!" என்றாள் வெல்டா. "நான் சொன்னதுல ஒண்ணைக்கூடக் கேக்கலேன்னு இருந்தேனே."

"கடையில புட்டியை எடுக்கறப்பெல்லாம், இல்லேன்னா வெல்டா திட்டுவான்னு சொல்வா" என்றார் மில்ஃபர்ட்.

வெல்டா வேலையைத் தொடங்கினாள். பெட்டியைத் துணியில் படவிடாமல் விரலளவு மேலே பிடித்து ஆவியை மட்டும் இறக்கினாள். நெளிவு மெல்ல உள்வாங்கியது. ஆறும்வரை யாரையும் தொடவிடவில்லை. குண்டூசியை எடுத்தபோது நட்சத்திரம் முனை மாறாமல் தட்டையாகப் படிந்து கிடந்தது. மில்ஃபர்ட் எழுந்து பக்கத்தில் வந்து, ஆவிக்குள்ளேயே நின்றார். கண் கலங்கியதற்கு ஆவிமேல் பழி போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

பாதிச் சதுரங்கள் முடிந்திருக்கும், பெட்டி வறண்டு சீறியது. வெல்டா தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். எடுத்தவள் அதை மில்ஃபர்டிடம் நீட்டினாள்.

"நீ ஊத்து."

லவோன் தையலைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். மில்ஃபர்ட் சிந்தாமல் ஊற்றினார்.

சாயங்காலம் கடைசி நட்சத்திரமும் படிந்தது. ஒரு முனைகூடப் போகவில்லை. வெல்டா சூடான பெட்டியைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள், அங்கே மில்ஃபர்டைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பக் கொட்டலாம். இது நீ ஊத்தினதுதான்."