சுட்டால் அறுந்துபோகிற குரல்

எங்கள் அப்பாவுக்கு மெல்லப் பேச வராது. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லுக்குப் போன யாருக்குமே வராது. மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகியவர்கள். அப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டில் செம்பைத் தேடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் திருநெல்வேலி டவுணிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். அதில் ஒரு கேம். இருட்டறைகளில் நிற்கும் பூதங்கள் நம்மைப் பார்த்ததும் உறுமிக்கொண்டு வரும், சுட வேண்டும். அந்த உறுமலை எடுத்துவிட்டு நம் குரலை வைக்கலாம் என்று எவனோ ஒரு ஃபிளாப்பி கொடுத்திருந்தான். அண்ணனுக்குச் சுடத்தான் தெரியும். குரல் வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பூதம் என்ன சொல்ல வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"வீட்டுக்கு வந்த ஆளுட்ட என்னத்தச் சொல்லுவாவ?" என்று மைக்கை வாங்கி முழங்கினார். "வாரும்வே, உக்காரும்! சாப்பிட்டுட்டுத்தான் போணும்!"

போட்டுக் கேட்டால் வெறும் கரகரப்பு. "பைய பேசுங்கப்பா" என்றேன். பைய என்றால் அவருக்கு அதே சத்தம், கொஞ்சம் நிதானமாக. எனக்கு வந்ததே கோபம்! கடைசியில் அவரைத் தெருவாசலுக்கு விரட்டி, அங்கே நின்று பேச வைத்தேன். குரல் சுத்தமாகப் பதிந்தது. ஆனால் கேமுக்குள் போட்டால் எலி மாதிரிக் கீச்சிட்டது. நான் பதிந்த வேகம் வேறு, கேம் படிக்கிற வேகம் வேறு. அதைக் கண்டுபிடிப்பதற்குள் என் பிராணன் போயிற்று. அதுவரை எலிக்குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சரியானதும், "ஏட்டி, இப்பந்தான் நானு" என்றார்.

கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. கேமுக்குள் போனதைத் தவிர மற்ற பதிவுகளை அழித்துவிட்டேன்.

அந்த வருஷமே அப்பா மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு ஒரு மத்தியானம். அண்ணன் என்ன நினைப்பில் இருந்தானோ, கேமைப் போட்டான். "வாரும்வே, உக்..." பழகிய கை. சுட்டுவிட்டான். குரல் அறுந்தது.

அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்: "எத்தன பேரு வந்திருக்காவ? இலை போடட்டா?"

வாசலில் நிறுத்திப் பதிந்த குரலில்லையா, வாசலிலிருந்துதான் கேட்டிருக்கிறது அவளுக்கு. ஈரக் கையோடு வந்தவள் வாசலைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு என்னருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"முழுசும் கேக்கணும்ட்டி."

அப்பா போனதிலிருந்து அவள் கேட்ட ஒரே பொருள் அதுதான். சோறுகூட நாங்கள்தான் ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

குரலைத் தனியாக வெளியே எடுக்கப் பார்த்தேன். குரல் வைக்கிற அந்த ஃபிளாப்பி பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது. சனியன், படிக்கவே மாட்டேன் என்றது. அப்படியானால் பூதத்திடம்தான் போக வேண்டும். தனியாக ஒரு பூதம் நிற்கிற அறையைத் தேடிப்பிடித்தோம். சுட்டால் அதன் அலறல் வந்து அப்பாவை அறுத்தது. சுடாமல் நின்றால் அது நம்மை அறைகிற சத்தம் வந்து அறுத்தது. "உக்காரும்" வரைக்கும்தான் வந்தார். அம்மா ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"அடிக்கவும் கூடாது, அடி வாங்கவும் கூடாதுண்ணே" என்றேன். "அது வர வர நீ பின்வாங்கிக்கிட்டே போ."

அண்ணன் அப்படியே செய்தான். கதவு திறந்தது. பூதம் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"வாரும்வே, உக்காரும்! சாப்பிட்டுட்டுத்தான் போணும்!"

முழுசாக வந்துவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. பூதத்திடமிருந்து பின்வாங்கிக்கொண்டே இருந்த அண்ணனைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

"உங்கப்பா சாப்பிடக் கூப்பிடுதாவ," என்றாள். "நீ ஏம்லே ஓடுத?"

அண்ணன் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டான்.