துணி மிதித்தவர்களின் பெயர்

டயலிசிஸ் நிலையத்துக்குப் போன முதல் நாள், நேர்ஸ் என் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நான் எழுந்தேன். எதிரே இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் எழுந்தார். நேர்ஸ் அவரைத்தான் பார்த்தாள்.

எனக்கு இது பழகிப்போன விஷயம். ரொறொன்ரோவுக்கு வந்ததிலிருந்து அந்தப் பெயரைக் கூப்பிடுகிறவர்கள் என்னைத் தாண்டி வேறு யாரையோ தேடியிருக்கிறார்கள். வேலைக்கு இன்டர்வியூ என்று அழைப்பார்கள். போய் நின்றால் முகத்தில் ஒரு தயக்கம் வந்து போகும். என் அகதி விசாரணையில், யாழ்ப்பாணத்துச் சைவக்காரனுக்கு இப்படி அச்சான இங்கிலீசுப் பெயர் எப்படி வந்தது என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நான் சொன்ன கதையில் அவர்களுக்கு மிகவும் சந்தேகமாக இருந்தது அதுதான். தமிழ் ஆட்கள் மட்டும் குறைவா? கடையில் காசோலை நீட்டினால், "தம்பி, நீங்கள் வேதமோ?" என்று, கிறிஸ்தவனா என்ற அர்த்தத்தில், கேட்பார்கள். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். கடைசியில் ஓம் என்று சொல்லிவிட்டு வரப் பழகிக்கொண்டேன். அது சுலபம்.

ஆனால் அந்தப் பெயரின் இன்னொரு சொந்தக்காரர் எனக்கு முன்னால் எழுந்து நின்றது அன்றுதான் முதல் தடவை. அவர் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு எழுத்தும் பிசகவில்லை. "அப்படியானால் நாம் சொந்தக்காரர்" என்று சொல்லிக் கையைக் கொடுத்தார். பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

எங்களுக்குக் கிடைத்தது பக்கத்துப் பக்கத்துக் கதிரைகள். டயலிசிஸ் செய்யாதவர்களுக்கு அந்தக் களைப்பை விளங்கப்படுத்துவது கஷ்டம். வாரத்தில் மூன்று நாள், அரைப்பகல் நேரம், ஒரு கையை அசைக்காமல் சாய்ந்து கிடக்க வேண்டும். மெசின் இரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பித் தரும். இறங்கும்போது கால்களில் உயிர் இருக்காது. வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்பி, கொஞ்சம் மனிதனாகும்போது அடுத்த முறை வந்துவிடும். பகல் முழுக்கத் தண்ணீர் விடாய். அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது. இப்படிக் கிடக்கிறவனுக்குப் பேச்சுத் துணை வேண்டியதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவருக்குப் பேச்சு வேண்டியிருந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டியிருந்தார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பிக்கரிங்கில் ஒரு தங்கை மட்டும். ஓய்வுபெற்ற பிறகு அவர் செய்துகொண்டிருந்த ஒரே வேலை தன் குடும்பப் பெயரின் வழியைத் தேடுவது. இங்கிலாந்தின் வடக்கே, மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் அது தொடங்கியது என்றார். நெய்து முடித்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து இறுக்குவார்களாம். அந்த வேலை செய்தவனுக்கு ஊர் வைத்த பெயர்தான் எங்கள் பெயர்.

"தொட்டியில் என்ன ஊற்றுவார்கள், தெரியுமா?" என்று கேட்டார்.

"தண்ணீர்."

"மூத்திரம். ஊர் முழுக்க வீடுவீடாகப் போய்ப் புளித்த மூத்திரம் சேர்ப்பார்கள். அதில் நின்றுதான் மிதிப்பார்கள்."

இரண்டு பேரும் மெசினைப் பார்த்தோம். சிறுநீரகம் பழுதாகி, எங்கள் இருவருக்கும் மூத்திரம் நின்றுபோய் நாளாகியிருந்தது. "இந்தப் பெயருக்கு நாங்கள் இனி லாயக்கில்லை" என்றார். நான் அந்த இடத்தில் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். ஊசி குத்திய கை நோகும் அளவுக்குச் சிரித்தேன். நேர்ஸ் ஓடி வந்து பார்த்தாள்.

பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரையில் மில் வந்ததாம். ஆட்கள் மிதித்ததை மரச்சுத்தியல்கள் அடிக்கத் தொடங்கின. மிதித்தவர்கள் சிதறினார்கள். அவருடைய ஆட்கள் கடலைக் கடந்து அயர்லாந்தின் வடக்கே போனார்கள். அங்கே உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது கப்பலேறி ஒன்ராறியோவில் ஒரு கல்லுக்காட்டுக்கு வந்தார்கள். கல் பொறுக்கியே இரண்டு தலைமுறை போய்விட்டது என்றார். அவருடைய தகப்பன் அந்த நிலத்தை விட்டுவிட்டு ஸ்காபரோவுக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். தகப்பன் வேலை செய்த தொழிற்சாலை எது என்று விசாரித்தேன். அது மூடுகிற காலத்தில் நானும் அங்கே இரவு வேலை செய்திருக்கிறேன். அதைச் சொன்னபோது அவர் பெருமையாகத் தலையாட்டினார், குடும்பத் தொழில் என்பதுபோல.

என் கதையை அவர் பல நாள் கேட்டார். நான் தள்ளிக்கொண்டே வந்தேன். அகதி விசாரணையில் சொன்னது போதும் என்று இருந்தது. கடைசியில், பனி கொட்டி வீட்டுக்குப் போக வாகனம் பிந்திய ஒரு நாளில், காத்திருந்த இடத்தில் வைத்துச் சொன்னேன். வெள்ளைக்காரப் பாதிரிமார் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்திய காலம் அது. என் பூட்டனின் தகப்பன் சின்னப் பிள்ளையாக அங்கே சோற்றுக்கும் படிப்புக்குமாகச் சேர்க்கப்பட்டவர். பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவை இங்கிலாந்தில் யாராவது ஒரு கனவான் ஏற்றுக்கொள்வார். ஏற்றுக்கொண்டவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். அப்படி வந்தது. வளர்ந்து, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை கிடைத்த கையோடு அவர் திருநீறு பூசிக்கொண்டு சைவத்துக்குத் திரும்பிவிட்டார். சமயத்தை விட முடிந்தது, பெயரை விட முடியவில்லை. வேலை அந்தப் பெயரில் இருந்தது.

"அதற்கு முன்னால் அவருடைய பெயர் என்ன?" என்று கிழவர் கேட்டார்.

"எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது."

 அடுத்த முறை கிழவர் ஒரு விளக்கத்தை யோசித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். தன்னுடைய ஆட்களில் ஒருவருக்கும் அடுத்தவன் பிள்ளைக்குச் சோறு போட வசதி இருந்ததில்லை. அதனால் அந்தக் கனவான் மிதித்தவன் வழியில் வந்தவன் இல்லை, மில்லைக் கட்டியவன் வழியில் வந்தவன். மில்லை வைத்திருந்தவனுக்கும் அதே பெயர்தானாம், தூரத்துப் பங்காளி. எங்கள் பிழைப்பைக் கெடுத்த காசில் உங்கள் ஆளுக்குச் சோறு போட்டிருக்கிறான் என்றார். "ஆகவே நீங்கள் மில்காரன் பக்கம்."

அதற்கு ஏதும் ஆதாரம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. யோசித்துப் பார்த்தால், மறுக்க விருப்பமும் இல்லை. இத்தனை வருடமாக அந்தப் பெயரோடு இருக்கிறேன், அதில் எனக்கு ஒரு பக்கம் இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

அதன் பிறகு நேர்ஸ்மாரிடமும் மில்காரன் வந்துவிட்டானா என்றுதான் கேட்பார்.

வெயில் காலம் தொடங்கியபோது அவர் மெலிந்துவிட்டார். நடுவில் ஒரு தடவை விழுந்து எழும்பினார். ஒரு நாள் மெசினில் மாட்டிய பிறகு, வழக்கமான குரலில், இதை நிறுத்தப்போவதாகச் சொன்னார். டொக்டரோடும் தங்கையோடும் பேசிவிட்டாராம். நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கொஞ்ச நாளில் முடிந்துவிடும்.

"கோபமா?" என்று கேட்டார்.

"இல்லை."

"களைத்துவிட்டேன். வேறு காரணம் இல்லை."

"தெரியும்" என்றேன்.

எனக்கு அவர்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்தபோது அது இன்னும் கூடியது. டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டின் ஜன்னலால் பக்கத்துக் கட்டடத்து பல்கனிகள் தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மனைவி வந்து என்ன யோசனை என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அளந்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு வாய் தந்தாள். அடுத்த முறைக்கு வழக்கம்போலப் போனேன்.

அவர் இறந்ததை நேர்ஸ்தான் சொன்னாள். பிக்கரிங்கில் பியூனரல் ஹோம். மனைவி கார் ஓட்டினாள். நான் அன்று காலை மெசினிலிருந்து இறங்கிய ஆள், அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். வாசலில் கறுப்புக் கோட்டு அணிந்து நின்ற பெடியன் பெயர் கேட்டான். சொன்னேன். உடனே குரலைத் தணித்துக்கொண்டு, எங்களை நேராக முன்வரிசைக்கு, குடும்பத்தாருக்கு ஒதுக்கிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். இல்லைத் தம்பி, நாங்கள் பின்னால் இருக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கதிரை மெத்தையாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

வரிசையில் எங்களைத் தவிர ஒரே ஒரு ஆள்தான், அவருடைய தங்கை. கைத்தடியோடு இருந்த மெல்லிய கிழவி. ஆட்கள் வந்து குனிந்து கையைக் கொடுத்தார்கள். அவவுக்குக் கொடுத்த பிறகு எனக்கும் கொடுத்தார்கள், என் மனைவிக்கும் கொடுத்தார்கள். நாங்களும் வாங்கிக்கொண்டோம்.

பாதிரியார் பேசத் தொடங்குவதற்கு முன்னால் கிழவி என் பக்கம் சரிந்தா. அண்ணன் தனக்கு டயலிசிஸ் நிலையத்தில் ஒரு சொந்தக்காரர் கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இங்கிலாந்திலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றா. பிறகு என்னை நன்றாக, நேரம் எடுத்துப் பார்த்தா.

"நீங்கள் எந்தப் பக்கம்?"

 எனக்குத் தெரிந்த ஒரே பக்கத்தைச் சொன்னேன்.

"மில்காரன் பக்கம்" என்றேன்.

கிழவி முகத்தைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தா. "உங்கள் ஆட்கள் எங்களை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை" என்றா. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தா. அது ஊசி குத்துகிற கை. நொந்தது. முடியும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தா, நானும் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருங்கி நின்றன.  வீட்டுக்குப் போனவுடன் இரண்டு பேரும் தலைக்குத் தோய வேண்டும் என்று மனைவி சொன்னாள். அது எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் உள்ளதுதான். பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "உங்களைத்தான் கேக்கிறன். இந்த வெள்ளி றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போறதெண்டு இருந்தனாங்கள் எல்லோ? போகலாமோ? எங்களுக்குத் துடக்கு இருக்கோ?" என்றாள்.

சொந்தத்தில் செத்தவீடென்றால் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. நேரிலே பார்த்தறியாத எத்தனையோ சித்தப்பன் பெரியப்பன்களுக்காக நாங்கள் கோயிலுக்குப் போகாமல் இருந்திருக்கிறோம். அவள் பகிடிக்குக் கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகத்தான் கேட்டாள்.

"இந்த வெள்ளி விடுவம்" என்றேன்.

அவள் சரி என்றாள். முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. நான் கதிரையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.