எம்பி ஐயாவின் ஐந்து நிமிடம்

எங்கள் எம்பி ஐயாவின் செத்தவீட்டில் நாங்கள் எல்லோரும் அவர் பெயர்மேல்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். மரணாதாரச் சங்கத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்த பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகில் அவருடைய பெயரைப் பெயின்றால் எழுதியவன் நான். "கௌரவ பாராளுமன்ற உறுப்பினர்" என்பதும் வரவேண்டும், பட்டமும் வரவேண்டும், ஊரும் வரவேண்டும் என்றார். இடம் போதாமல் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் கைப்பிடிக்கு இறங்கிவிட்டன. அந்த இரண்டு எழுத்தின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. சோடா வந்தது. குடித்தேன்.

அவர் வென்றபோதும் தோற்றபோதும் அவரிடம்தான் இருந்தேன். பதவி தட்டெழுத்தாளர். வேலை கடிதம், வாழ்த்து, அனுதாபம், பாராளுமன்ற உரை. வாழ்த்தும் அனுதாபமும் ஒரே கோவையில் கிடந்ததால், ஒரு கல்யாண வீட்டுக்கு "இப்பேரிழப்பைத் தாங்கும் வல்லமையை இறைவன் அருளட்டும்" என்று அனுப்பியிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அந்த மாப்பிள்ளை என்னைச் சந்தையில் மறித்துக் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

செத்தவீடு முடிந்த கிழமையே ஐயாவின் மனைவி கூப்பிட்டு அனுப்பினா.

"முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேணும் தம்பி. அவர்ர சேவையெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும். நீங்களே எழுதுங்க."

"எனக்குத் தெரிஞ்சது அவர்ர பேச்சு அக்கா. சேவையைப் பற்றி வேற ஆரும் சொன்னாத்தான் எழுதலாம்."

"செத்த மனிசனையும் விடமாட்டீங்க," என்று சொல்லிவிட்டு, ஐயா அலுவல் பார்த்த கந்தோர் அறைச் சாவியைத் தந்தா.

எழுத உட்கார்ந்தேன். இரண்டு தரம் வென்றார், இரண்டு தரம் தோற்றார், ஒரு தரம் தேர்தலில் நிற்காமலே தேசியப் பட்டியலில் போனார். கட்சி மூன்று. கட்சி மாறும்போதெல்லாம் போஸ்டரில் சின்னம் மட்டும் மாறும். படம் பழையது, தலைமயிர் உள்ள காலத்தது. பதினொரு மாதம் பிரதியமைச்சர். அமைச்சின் பெயர் இரண்டு வரி நீளம். கடிதத்தாள் அச்சாகி வருவதற்கிடையில் அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது. பஸ் தரிப்பிடம் நான்கு கட்டினார், அதில் ஒன்றின் பக்கம் இன்றுவரை பஸ் போகவில்லை, ஆடுகள் நிற்கின்றன. ஒரு வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்து அவர் பேசிய பேச்சு என்னுடையது. அதற்கே ஆதரவாகக் கையுயர்த்தியது ஏன் என்று பத்திரிகைக்குக் கொடுத்த விளக்கமும் என்னுடையது. இரண்டும் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

கெட்ட மனிதர் இல்லை. யார் தொலைபேசி எடுத்தாலும் பதில் சொல்வார், "பார்ப்பம்" என்று. மலரில் அதை "எந்நேரமும் மக்களோடு" என்று எழுதினேன்.

பிறகு பாலம் வந்தது. அதாவது, பாலத்தைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்தது. பாலம் வரவில்லை.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஆசுபத்திரியும் வங்கியும் பெரிய ரோட்டும் கிழக்கே எழுவான்கரையில். நடுவில் ஓடுவதைப் பாதை என்போம். இரும்புத் தட்டு, அதற்கு ஒரு எஞ்சின், நாலு பக்கமும் தண்ணீர். மனிசர், மோட்டார்சைக்கிள், நெல்மூட்டை எல்லாம் அதில்தான். ஒவ்வொரு தேர்தலிலும் பாலம் போடுவேன் என்பார் ஐயா. அந்த வாக்குறுதியை மூன்று கட்சிக்கும் நான்தான் எழுதினேன், அடைப்புக்குறி மாறாமல்.

மகள்தான் மலரைக் கணினியில் அடித்தாள். தட்டெழுத்தாளனுக்குக் கணினி தெரியாது, சிரியுங்கள். அவள் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்கிறாய் என்று நான் கேட்பதில்லை, இரவுச் சாப்பாடு அவள் கையில்தான்.

"அப்பா, பாலத்தில அம்மாட விசயம் எங்க?"

"எழுதத்தான் வேணும்."

"எழுதினா மட்டும் காணா. பாராளுமன்ற ஹன்சாட்டில ஐயா பேசின பக்கம் இரிக்கும்தானே? அதை எடுங்க. மலரில படமாப் போடுவம். ஒரு கொப்பிக்குக் கண்ணாடி போட்டு அம்மாட படத்துக்குக் கீழ வைப்பம்."

அம்மாவின் விடயம் இதுதான். மகளுக்குப் பதினொரு வயது. நெல் வெட்டுக் காலம். என் மனைவி வயல் வட்டைக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள், வரம்பில் புடையன் பாம்பு கடித்தது. துணியைக் கட்டி, ஓட்டோவில் துறைக்குக் கொண்டு வந்தோம். பாதை அந்தக் கரையில் நின்றது. பாதையிலிருந்து கரையேறும் ஏற்றத்தில் லொறி ஒன்று இறுகிப்போய்க் கிடந்தது. பட்டப்பகல், தெளிவாகத் தெரிந்தது, அவர்கள் தள்ளுவதும் லொறி திரும்ப வழுக்குவதும். கையாட்டினோம். அவர்களும் கையாட்டினார்கள்.

பாதை வந்து ஏறினபிறகு யாரோ "நித்திரை கொள்ள விடாதீங்க" என்றார்கள். எனக்குத் தெரிந்தது பகிடி சொல்லத்தான். சொன்னேன். நடு வாவியில் அவள், "சும்மா இரிங்க, சிரிக்க ஏலாமக் கிடக்கு," என்றாள். நான் நிறுத்தவில்லை. கரை தட்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். எந்தப் பகிடியிலிருந்து அவள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

அவளுடைய முப்பத்தோராம் நாளுக்கு ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். "இதைச் சபையில சொல்லுவன் தம்பி. அஞ்சு நிமிசம் தருவாங்க. நீயே எழுது," என்றார். எழுதினேன். நாலு பக்கம். உரை நடந்த பின்னேரம் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தார். "எல்லாம் சொல்லிட்டன் தம்பி. சபை அப்பிடியே அமைதியாப் போச்சு."

அதைத்தான் மகளிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். ரீச்சர் வகுப்பையே எழுப்பி இரண்டு நிமிடம் நிற்க வைத்தாவாம். அதன்பிறகு பதினைந்து வருடம், அம்மா இல்லாத எந்த நாளிலும், பிறந்தநாளோ பரீட்சையோ, அவள் சொல்லிக்கொண்ட ஒரு வசனம் அதுதான்: "அம்மா சும்மா போகல்ல. நாடு முழுக்கக் கேட்டது."

அக்கரைக்குப் போய் ஐயாவின் கந்தோர் அறையைத் திறந்தேன். ஹன்சாட், பாராளுமன்றத்தில் பேசினதையெல்லாம் சொல்லுக்குச் சொல் அச்சடிப்பது, கட்டுக் கட்டாகத் தபாலில் வரும். நாங்கள் அதைப் பிரித்ததில்லை. உயரம் அளவாக இருந்ததால் மின்சாரக் காற்றாடிக்கு அடியில் வைத்திருந்தேன். எனக்குத் தேவையான கட்டு காற்றாடிக்கு நேர் கீழே இருந்தது. இத்தனை காலமும் அதன்மேல் வந்த காற்றைத்தான் வாங்கியிருக்கிறேன்.

பக்கத்தைக் கண்டுபிடித்தேன். என் எழுத்து, ஒரு சொல் விடாமல். மீன் பாடும் வாவிக்கு அரைப் பக்கம். நிலவுக்கு ஒரு பந்தி, நிலவு எதற்கு என்று இப்போது விளங்கவில்லை. பிறகு பகிடி: பாதைக்குக் காத்திருந்த மாப்பிள்ளை அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, பொம்பிளைக்குப் பேரப்பிள்ளை பிறந்திருந்ததாம். அதற்கு வேறொரு உறுப்பினர் குறுக்கிட்டு, "அப்படியானால் பாதையிலேயே கல்யாணத்தை வைத்திருக்கலாமே" என்கிறார். ஐயா, "கௌரவ உறுப்பினர் கல்யாணத்துக்கு வருவதாக இருந்தால் பாதை தாழ்ந்துவிடும்" என்கிறார். இது நான் எழுதாதது. சொந்தச் சரக்கு. நல்ல பகிடி.

அடுத்த வரி தலைமை தாங்கியவருடையது. "கௌரவ உறுப்பினர் அவர்களே, உங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடிவடைந்துவிட்டது."

அதற்கடுத்தது ஐயாவுடையது. "ஆகவே இப்பாலத்தை விரைவில் அமைத்துத் தருமாறு கேட்டு விடைபெறுகின்றேன். நன்றி."

அவ்வளவுதான். என் மனைவி நான் எழுதிக் கொடுத்த நாலாம் பக்கத்தில் இருந்தாள். மேடைக்கு எழுதிப் பழகினவன் நான், சிரிக்க வைத்துவிட்டுக் கடைசியில் அடிக்க வேண்டும் என்று அவளைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. காற்றாடியைத் திரும்ப எடுத்து வைத்தேன், உயரம் குறைந்துவிட்டது.

பாதையில் திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. நாலாம் பக்கத்தை அதே எழுத்தில், அதே இரண்டு பத்தியாக அச்சுக்காரரைக் கொண்டு அடித்துவிடலாம். அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதுதானே என் தொழில். செத்த மனிதர் மறுப்பறிக்கை விடப்போவதில்லை. மகளின் வசனமும் உடையாமல் கிடக்கும். நடு வாவிவரை அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

துறையில் மகள் ஸ்கூட்டியோடு நின்றாள். படம் எடுக்கக் கைத்தொலைபேசியும் கையில். "கிடைச்சிதா?" என்றாள். நான் தாளை நீட்டிவிட்டேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

நின்றபடியே வாசித்தாள். "தாழ்ந்துவிடும்" என்ற இடத்தில் சிரித்தாள். பிறகு தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வேறொருவர் உர மானியம் பற்றிப் பேசுகிறார்.

"மறுகாப் பக்கம் எங்கப்பா?"

"இதுதான் முழுசும்."

"அம்மா?"

"நேரம் முடிஞ்சிட்டு."

திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். இந்தத் தரம் சிரிக்கவில்லை.

"அப்ப ஒருத்தரும் கேக்கல்ல."

"இல்ல."

"ஐயா சொல்லிட்டன் எண்டவர்தானே?"

"எண்டவர்."

"நீங்க எழுதினது ஞாபகம் இரிக்கா?"

இருந்தது. சொன்னேன். வட்டை, புடையன், லொறி, கையாட்டினது. நிலவு இல்லை, பகிடி இல்லை. பாதையிலிருந்து கடைசி மோட்டார்சைக்கிள் இறங்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது.

"ஒரு நிமிசமும் எடுக்கல்லயே," என்றாள். "இதை ஏன் முன்னுக்கு வைக்கல்ல?"

"சிரிப்பில தொடங்கினாத்தான் கேப்பாங்க எண்டு நினைச்சன்."

அவள் தாளை நாலாக மடித்து ஸ்கூட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து, தானே அடித்தாள்: "இத்துறைக்குப் பாலம் வேண்டுமென்று சபையில் உரையாற்றினார். அவ்வுரை முடிவுறவில்லை." படிக்கச் சொன்னாள். சரி என்றேன். பிழை ஒன்றும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அன்று அதே கதிரைகள் வந்தன. மலரை எல்லோருக்கும் கொடுத்தோம். ஐயாவின் மனைவி பாலம் வரும் பக்கத்தை வாசித்துவிட்டு மலரை மூடினா. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் மட்டும் முதுகில் தட்டினார்.

"மலர் நல்லா இரிக்கு ஓய். அந்தப் பாலம் வாற இடம்தான் சப்பெண்டு முடிஞ்சிட்டு. உம்மட கை மாதிரி இல்ல. ஒரு பகிடி போட்டிருக்கலாம்."

"போட்டதுதான் சேர்," என்றேன். "பருப்பு இந்தப் பக்கம் தாங்க."